விற்பனையால் வரும் நோய்
(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்திய உரை)



கிருமியால் நோய் வரும், வறுமையால் வரும், அறியாமையாலும் வரும். விற்பனையாலும் நோய் வருவதுண்டு என்பதை ஒரே ஒரு பொருளைக் கொண்டு கூற விழைகின்றேன். அப்பொருள் குழந்தைக்கான டப்பாப் பால்.

1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தார் முன் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் ஓர் உரை நிகழ்த்தினார். 'பாலும் கொலையும்' என்பது அதன் தலைப்பு. தாதியர் உடையணிந்த விற்பனைப் பெண்கள், தாய்ப்பால் நன்கு சுரக்கும் அன்னையரிடமும் சென்று டப்பாப் பாலைப் புகழ்வதை அவர் கண்டிருந்தார். இத்தகைய பிரசாரத்தால் நேரும் சிசு மரணங்களைக் கொலையாகவே கருதவேண்டும் என்று அஞ்சாது உரைத்தார்.

கடுஞ்சொல்தான். பாலில் நஞ்சு ஏதும் கலக்கவில்லையே என்று கேட்கத் தோன்றும். அதே டப்பாவை இரு வீடுகளில் வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் தூய நீர் உண்டு. புட்டியைக் கொதிக்க வைக்க அடுப்பு உண்டு. அளவைப் படித்தறியக் கல்வி உண்டு. தீர்ந்தால் மறு டப்பா வாங்கப் பணமும் உண்டு. மற்றொரு வீட்டில் இவற்றுள் ஒன்றுமில்லை. விலை தாளாத தாய், சில நாளுக்குரிய மாவில் மேலும் மேலும் நீர் கலந்து நாளை நீட்டுகிறாள். அந்நீரோ தூயதன்று. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, பின் மெலிவு. விளம்பரம் இரு வீட்டுக்கும் ஒன்றே. சிறுகுழி ஒரு வீட்டுக்கு மட்டுமே.

மகப்பேற்று மனையில் இலவசமாகத் தரும் மாதிரி டப்பாவின் சூழ்ச்சி இன்னும் நுண்ணியது. பிள்ளை சப்பச் சப்பத்தான் தாய்ப்பால் சுரக்கும். டப்பா தீரும் முன்னரே சுரப்பு குன்றிவிடும். அதன்பின் அவள் விலைக்கு வாங்குவது விருப்பத்தாலன்று. இலவசம் என்ற சொல்லுக்கு இத்துணை விலை!

1974இல் இலண்டனிலுள்ள 'வார் ஆன் வாண்ட்' என்னும் அமைப்பு இதைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டது. அதனைக் கடுமையான புதுத் தலைப்புடன் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட சுவிட்சர்லாந்து இளைஞர்கள்மீது நெஸ்லே நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றது. ஆயினும் விளம்பர முறையைத் திருத்திக்கொள்ளுமாறு நீதிபதி அந்நிறுவனத்துக்கும் அறிவுறுத்தினார். 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் எழுந்தது. 1981 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. ஆதரவு 118 நாடுகள். எதிர்ப்பு ஒன்று, அமெரிக்கா.

அந்நெறிமுறை தானாக எந்நாட்டையும் கட்டுப்படுத்தாது. நம் நாடு 1992இல் சட்டம் இயற்றி, 2003இல் அதனை மேலும் இறுக்கியது. இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான மாற்றுப்பால், புட்டி, டப்பா உணவு ஆகியவற்றுக்கு விளம்பரம் கூடாது. இலவச மாதிரியும் பரிசும் கூடாது. மாற்றுப்பால் டப்பாவின்மேல் தாய் படமோ சேய் படமோ கூடாது.

நம் குடும்பங்களில் மருந்துக்கடை நடத்துவோரும், மருத்துவர், செவிலியராய்ப் பணிபுரிவோரும் உளர். அவர்களுக்குத் தனியே ஒன்று கூறுவேன். தாயை இழந்த பிள்ளைக்கு மருத்துவர் எழுதித்தரும் பாலை விற்பதை இச்சட்டம் தடுக்கவில்லை. விற்பனையைப் பெருக்க நிறுவனம் தரும் அன்பளிப்பு உங்கள் மேசைக்கு வருவதையே தடுக்கிறது.