நூறு தாலந்துக்கு என்ன செய்றது?

 

இன்னைக்கு ஒரு ராஜாவைப் பத்திப் பேசலாம். தாவீது இல்ல, சாலொமோனும் இல்ல. சண்டே ஸ்கூல்ல பெரும்பாலும் இவர் கதையைச் சொல்லித் தர மாட்டாங்க. பேரு அமத்சியா. 2 நாளாகமம் 25ஆம் அதிகாரம். வண்டி ஓட்டுறீங்கன்னா இப்ப எடுக்க வேணாம், வீட்டுக்குப் போய் நிதானமா வாசிங்க.

அமத்சியா யூதாவுக்கு ராஜாவானப்போ வயசு 25. நம்மள்ல நிறைய பேரோட வயசு. எருசலேமில் 29 வருஷம் ஆண்டார். கதை தொடங்குறதுக்கு முன்னாடியே அவரோட ரிப்போர்ட் கார்டை வேதம் கொடுத்துடுது: கர்த்தர் பார்வைக்குச் சரியானதைச் செய்தார், ஆனா முழு மனசோட செய்யல.

கவனிச்சீங்களா? அவர் கெட்ட ராஜான்னு எழுதல. செஞ்சது சரிதான். ஆனா மனசு பாதி வேற எங்கயோ இருந்துச்சு. எனக்கு இந்த வரி ரொம்பக் குத்துது. ஏன்னா சபைக்குப் போறோம், காணிக்கை கொடுக்கிறோம், கெட்ட பழக்கம் எதுவும் இல்ல. வெளியில இருந்து பார்த்தா எல்லாம் சரி.

அமத்சியா ஏதோமியரோட யுத்தத்துக்குத் தயாராகிறார். யூதாவுலயும் பென்யமீன்லயும் 3,00,000 பேர் இருக்காங்க. அது போதாதுன்னு வடக்கே இஸ்ரவேல்ல இருந்து 1,00,000 வீரர்களைக் கூலிக்கு எடுக்கிறார். கூலி 100 தாலந்து வெள்ளி. இன்னைய கணக்குல மூணு டன்னுக்கு மேல. அட்வான்ஸா கொடுத்தும் ஆச்சு.

அப்போ தேவனுடைய மனுஷன் ஒருத்தர் வந்து சொல்றார்: ராஜாவே, இந்தப் படை உம்மோட வரக்கூடாது. அமத்சியா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? சரி, நான் கொடுத்த நூறு தாலந்துக்கு என்ன செய்றதுன்னு கேட்டார்.

இதை வாசிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு, ஏன்னா அது என் கேள்வி.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி, ஜனவரி மாசம் ஆபீஸ்ல வரிக்கான ப்ரூஃப் கேட்டாங்க. நான் இருந்தது அப்பா வீட்டுல. வாடகைன்னு ஒரு ரூபா கொடுத்தது கிடையாது. ஆனா அப்பா பேர்ல வாடகை ரசீது எழுதி, நானே கையெழுத்தும் போட்டு வச்சிருந்தேன். டீம்ல பல பேர் அப்படித்தான் செஞ்சாங்க. அன்னைக்கு ராத்திரி ஜெபம் பண்ண உட்கார்ந்தா, அந்த ரசீதுதான் கண் முன்னாடி நிக்குது. நான் ஆண்டவர்கிட்ட கேட்டது மன்னிப்பு இல்ல. ‘ஆண்டவரே, அப்போ அந்த 38,000 ரூபா?’ன்னுதான் கேட்டேன்.

தேவனுடைய மனுஷன் அமத்சியாவுக்குச் சொன்ன பதில், அதைவிட அதிகமா கொடுக்கக் கர்த்தரால் முடியும் என்பதுதான். அமத்சியா கீழ்ப்படிந்தார். படையைத் திருப்பி அனுப்பினார். யுத்தத்திலும் ஜெயிச்சார். நானும் ரசீதைக் கிழிச்சுப் போட்டேன்.

இதோட நிறுத்தினா நல்ல சாட்சி. ஆனா அதிகாரம் இன்னும் முடியல.

திருப்பி அனுப்பப்பட்ட வீரர்கள் கோபத்தோட போற வழியில யூதாவின் பட்டணங்கள்ல புகுந்து 3,000 பேரைக் கொன்னு கொள்ளையடிச்சாங்க. கீழ்ப்படிஞ்சா நஷ்டமே வராதுன்னு வேதம் சொல்லல. இதை மறைச்சு உங்ககிட்ட பேச எனக்கு மனசில்ல.

ஜெயிச்சு வந்த அமத்சியா என்ன செஞ்சார்? தோத்துப்போன ஏதோமியரோட சிலைகளையே எருசலேமுக்குக் கொண்டு வந்து அதுங்க முன்னாடி பணிந்தார். சொந்த ஜனத்தையே காப்பாத்த முடியாத தெய்வங்களை ஏன் தேடுறீர்னு ஒரு தீர்க்கதரிசி கேட்டார். அதுக்கு ராஜா, உன்னை யார் எனக்கு ஆலோசனைக்காரனா வச்சது, நிறுத்துன்னு மிரட்டினார்.

ஒரே மனுஷன்தான். பணம் சம்பந்தமா தேவனுடைய வார்த்தை வந்தப்போ கேட்டார். ஜெயிச்ச பெருமையை அது தொட்டப்போ வாயை மூடுன்னார். முழு மனசு இல்லாத கீழ்ப்படிதல் இங்கதான் வெளிப்படுது. வீட்டுல எல்லா ரூமையும் திறந்து விட்டுட்டு, ஒரு ரூம் சாவியை மட்டும் இடுப்புல சொருகி வச்சுக்கிற மாதிரி.

எனக்கும் அதான் நடந்துச்சு. ரசீதைக் கிழிச்சதுக்கப்புறம் ரெண்டு மாசம் டீம்ல இருக்கிற எல்லாரையும் மனசுக்குள்ள கீழா பார்த்தேன். கேர் செல்ல இந்தக் கதையைச் சாட்சியா நாலு தடவை சொன்னேன். அந்த வருஷம் இன்கிரிமென்ட் கம்மியானதும் ஆண்டவர் மேல கோபம். நான் கீழ்ப்படியல, முதலீடு பண்ணியிருக்கேன்னு அப்பதான் புரிஞ்சுது.

அமத்சியா அதோட நிக்கல. இஸ்ரவேல் ராஜா யோவாஸை வம்புக்கு இழுத்தார். அவன் எச்சரிச்சும் கேக்கல. பெத்ஷிமேசில் தோல்வி. எருசலேம் மதில்ல 400 முழம் இடிஞ்சது. ஆலயத்துல இருந்த பொன்னும் வெள்ளியும் கொள்ளை போச்சு. கடைசியில சொந்த ஜனமே சதி பண்ண, லாகீசுக்கு ஓடிப்போய் அங்கேயே கொலையானார்.

அப்போ முழு மனசுன்னா தப்பே செய்யாம இருக்கிறதா? இல்ல. 2 இராஜாக்கள் 14ல அமத்சியா தாவீதைப் போல நடக்கலன்னு எழுதியிருக்கு. தாவீது செஞ்ச தப்பு சின்னதா? ஆனா நாத்தான் வந்து விரல் நீட்டினப்போ, தாவீது நிறுத்துன்னு சொல்லல, பாவம் செஞ்சேன்னு உடைஞ்சார். வித்தியாசம் அங்கதான் இருக்கு. கெத்செமனேயில் இயேசு, இந்தப் பாத்திரம் நீங்கக் கூடாதான்னு வியர்வை சிந்திக் கேட்டார். கேள்வி கேக்கிறது தப்பில்ல. கேட்டுட்டு, பிதாவின் சித்தம் ஆகட்டும்னு தன்னை முழுசா கொடுத்தார். நம்ம பாதி மனசுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கீழ்ப்படிதல்.

அதனால இந்த வாரம் பெருசா எதுவும் தீர்மானம் எடுக்க வேணாம். ஒரே ஒரு கேள்வி போதும். எந்த விஷயத்தை யாராவது தொட்டா ‘நிறுத்து’ன்னு சொல்லத் தோணுது? ஒரு சாட் ஹிஸ்டரியா? அம்மாவோட பேசாம இருக்கிற அந்தக் கோபமா? அந்த ரூம் சாவி எதுன்னு உங்களுக்குத் தெரியும்.

ஜெபிக்கலாம். ஆண்டவரே, நாங்க கொடுத்ததை எண்ணிப் பார்க்கிறவங்க, எங்களை மன்னியும். பூட்டி வச்ச ரூமைத் திறக்க எங்களுக்குப் பயமா இருக்கு. நீரே உள்ள வாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம். அதுவரைக்கும் கர்த்தர் உங்களோட இருப்பாராக.