ஈயத்தைப் பார்த்தோம், பாறையைப் பார்த்தோமா?

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெடுஞ்சாலையில் தாப்பாவைத் தாண்டி கோப்பெங்கை நெருங்கும்போது, சாலையோரத்தில் செங்குத்தாக நிற்கும் வெள்ளை மலைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஈப்போ வரை அவை நம்மோடு வந்துகொண்டே இருக்கும். நான் புவியியல் ஆசிரியராக இருந்தபோது, மாணவர்களை அந்தப் பக்கம் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றேன். பேருந்தின் சன்னலோரத்தில் இருந்த ஒரு பையன் கேட்டான்: "சார், அந்த மலையில யாரு கோடு போட்டது?"

நான் அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். என் தகப்பனார் ஈயச் சுரங்கத்தில் பம்பு ஓட்டியவர். ஆனால் அந்தக் கோடுகளை நான் அதுவரை நின்று பார்த்ததில்லை. ஈயம் எங்களுக்குச் சோறு போட்டது. அதனால் ஈயத்தைப் பார்த்தோம். அதைத் தாங்கி நின்ற பாறையைப் பார்க்கவில்லை. இன்று அந்தப் பாறையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

கடல் கட்டிய மலை

கிந்தா பள்ளத்தாக்கின் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளெடாங் மலைத்தொடர். இரண்டும் கிரானைட் என்னும் கருங்கல் மலைகள். நடுவில் நிற்கும் வெள்ளைக் குன்றுகள் சுண்ணாம்புக்கல். கருங்கல் பூமிக்குள் நெருப்புக் குழம்பாக இருந்து ஆறி இறுகியது. சுண்ணாம்புக்கல் அப்படியன்று, அது கடலுக்கடியில் படிந்தது.

ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த இடம் பெரும்பாலும் கடலாக இருந்தது. சிப்பி, பவளம் போன்ற உயிர்கள் மடிந்தபோது அவற்றின் ஓடுகள் அடியில் படிந்தன. அதன்மேல் இன்னொரு படிவு, அதன்மேல் மற்றொன்று. சில காலங்களில் சேறும் மணலும் வந்து விழுந்தன. பாட்டி வீட்டில் பாயின்மேல் பாயாக அடுக்கி வைப்பார்களே, அதுபோல. அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. இவ்வாறு அடுக்கடுக்காக இறுகிய பாறையைத்தான் படிவுப் பாறை என்கிறோம். அந்தப் பையன் பார்த்த கோடுகளில் பல, ஓர் அடுக்கு முடிந்து அடுத்த அடுக்கு தொடங்கிய இடங்கள்.

ஈயம் எங்கிருந்து வந்தது?

நாம் பேச்சுவழக்கில் ஈயம் என்று சொல்வது வெள்ளீயத்தை. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இந்தப் படிவுப் பாறைகளுக்கு அடியில் கருங்கல் குழம்பு பொங்கி எழுந்தது. அதனோடு சேர்ந்து வந்த சூடான நீர்மங்கள் பாறை வெடிப்புகளில் புகுந்து ஈயக் கனிமத்தை விட்டுச் சென்றன. லஹாட், செலிபின் பகுதிகளில் சுண்ணாம்புப் பாறைக்குள் குழாய் இறக்கியதுபோல் ஈயக்கல் இருந்ததைச் சுரங்கக்காரர்கள் கண்டார்கள். அந்த வெப்பத்தில் சுண்ணாம்புக்கல்லின் பெரும்பகுதி சலவைக்கல்லாக மாறியது.

ஆனால் கிந்தாவை உலகப் புகழ்பெற வைத்தது வேறு. மழையும் வெயிலும் மலைகளை அரித்தபோது, உள்ளே இருந்த ஈயக்கல் ஆற்றோடு பள்ளத்தாக்கிற்கு வந்தது. அங்கே தரைக்கு அடியில் என்ன இருந்தது? அதே சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது சுண்ணாம்பைக் கரைக்கும். ஆகவே பள்ளத்தாக்கின் அடிப்பாறை சமதளமாக இல்லை. ஊசி ஊசியாக முனைகள், அவற்றுக்கிடையே ஆழமான பள்ளங்கள்.

ஈயக்கல் மணலைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் கனமானது. மணல் ஓடிவிடும், ஈயம் தங்கிவிடும். அந்தப் பள்ளங்களில்தான் அது தங்கியது. சுரங்கங்களில் 'பாலோங்' என்ற நீண்ட மரச் சாய்வுப் பாதை இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். சேற்று நீர் அதில் இறங்கும்போது, குறுக்கே வைத்த சட்டங்கள் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். மனிதன் பலகையில் செய்ததை, இந்தச் சுண்ணாம்புப் பாறை மண்ணுக்கடியில் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தது. இந்தப் பாறை இல்லையென்றால் நமக்குக் கிடைத்த ஈயத்தில் பெரும்பகுதி ஆற்றோடு சிதறிப் போயிருக்கும்.

சுரங்கம் திறந்த ஏடு

நேயர்களே, இன்னொரு செய்தியும் உண்டு. கருங்கல்லின் வெப்பம் சுண்ணாம்பைச் சலவைக்கல்லாக மாற்றியபோது, உள்ளே இருந்த சிப்பிகளின் அடையாளம் பெரும்பாலும் அழிந்துபோனது. சில இடங்கள் மட்டும் தப்பின. அவற்றில் ஒன்று கம்பாருக்கு அருகில், எச்.எஸ். லீ சுரங்கம் என்று அழைக்கப்பட்ட ஈயச் சுரங்கத்தில் இருந்தது. ஈயத்துக்காக மண்ணை நீக்கியபோது அடியில் பாறை வெளிப்பட்டது. அதில் பெர்மியன் காலத்துக் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைத்தன. விசித்திரமான, தடித்த ஓடு கொண்ட ஒரு பெரிய சிப்பியும் அவற்றில் உண்டு. 1975-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அதற்குத் தஞ்சின்தோங்கியா பேராகென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். பேராக் மாநிலத்தின் பெயரே அந்தச் சிப்பியின் பெயரில் இருக்கிறது! நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1985-ஆம் ஆண்டு அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றி நிலைகுலைந்தது. ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பம்பு நின்றவுடன் பள்ளங்களில் தண்ணீர் ஏறியது. இன்று நாம் மீன் பிடிக்கும் ஈயக் குட்டைகள் அவைதான். என் தகப்பனார் வேலை போன கவலையில் ஒரு வார்த்தை சொன்னார்: "பம்பு நின்னா, கீழே என்ன இருந்துச்சின்னு யாருக்கும் தெரியாது." அவர் படித்தவர் அல்லர். ஆனால் உண்மையைச் சொன்னார். பாறையைப் பார்க்க ஒரு சன்னல் திறந்திருந்தது. அது மூடிக்கொண்டது.

பாறையை மறந்தால் என்ன நடக்கும்?

"பழைய கதைதானே, இதனால் நமக்கு என்ன?" என்று சிலர் நினைக்கலாம். ஈப்போவில் குனோங் சேரோ மலையை உங்களில் பலர் அறிவீர்கள். கல்லுமலை முருகன் ஆலயம் அங்கேதான் இருக்கிறது. 1973-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள், அந்த மலையிலிருந்து ஒரு பெரும் பாறை பிளந்து விழுந்தது. அடிவாரத்தில் குடியிருந்தவர்களில் சுமார் 40 பேர் மாண்டார்கள். மாட்டுக் கொட்டகைகளும் நசுங்கின.

அந்த மலைக்கு மனிதர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக் குன்றின் அடிப்பகுதியை நீர் அரிக்கும், மேற்பகுதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வெடிப்புகளில் மழைநீரும் மரவேரும் புகுந்து அவற்றை அகலமாக்கும். ஒரு நாள் பிடி விட்டுப் போகும். பாறை முன்கூட்டியே காட்டும் அடையாளங்கள் உண்டு. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

சமவெளியிலும் இதே கதைதான். அடிப்பாறையில் பொந்துகள் இருக்கும் இடத்தில் நிலத்தடி நீர் இறங்கினால், மேலே உள்ள மண் திடீரென உள்வாங்கும். சுரங்கங்கள் இரவு பகலாக நீர் இறைத்த காலத்தில் கிந்தாவில் இப்படிப் பல குழிகள் விழுந்தன. அதோடு, ஈயம் அலசிய பின் மிஞ்சிய களிச்சேறு பழைய குட்டைகளை நிரப்பியிருக்கிறது. மேலே புல் முளைத்தால் கெட்டி நிலம் போலவே தெரியும். அதன்மேல்தான் இன்று வீடமைப்புத் திட்டங்கள் எழுகின்றன. முறையாக ஆராய்ந்து அடித்தளம் போட்டால் பயமில்லை. ஆராயாமல் போட்டால் சுவர் வெடிக்கும், தரை இறங்கும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கிய குடும்பம் என்ன செய்யும்?

என் மூன்று வேண்டுகோள்கள்

முதலாவது, ஈய வட்டாரத்தில் வீடு வாங்குவோர் விலையைக் கேட்பதற்கு முன், "இந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது? மண் பரிசோதனை செய்தீர்களா?" என்று கேளுங்கள். குன்றின் அடிவாரத்தில் தொழிலோ குடியிருப்போ அமைப்பவர்கள் கனிம, புவி அறிவியல் துறையின் ஆலோசனையைப் பெறுங்கள்.

இரண்டாவது, மலைகளை உடைப்பது பற்றியது. சிமெண்டும் சலவைக்கல்லும் நமக்கு வேண்டும். நான் பேசும் இந்த அரங்கமும் சிமெண்டால் கட்டியதுதான். ஆகவே குவாரியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்தக் குன்றில் குகை ஓவியம் இருக்கிறது, எதில் புதைபடிவம் இருக்கிறது, எதில் வேறெங்கும் இல்லாத உயிரினம் வாழ்கிறது என்று பதிவு செய்த பிறகு எதை வெட்டலாம் என்று முடிவெடுக்கட்டும். தம்பூன் குன்றில் உள்ள செந்நிற ஓவியங்கள் 1959-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தன. அதற்குமுன் அந்தக் குன்றை வெட்டியிருந்தால், எதை இழந்தோம் என்பதுகூட நமக்குத் தெரிந்திருக்காது. 2018-ஆம் ஆண்டு கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது நல்ல தொடக்கம். பெயர்ப்பலகையோடு அது நின்றுவிடக் கூடாது.

மூன்றாவது, பெற்றோர்களுக்கு. விடுமுறையில் பிள்ளைகளைத் தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பலுக்கு அழைத்துச் செல்கிறீர்கள். 1938-இல் கட்டிய, 4,500 டன் எடையுள்ள அந்த இயந்திரத்தைப் பார்த்து அவர்கள் வியக்கிறார்கள். மகிழ்ச்சி. அப்படியே ஈப்போவில் உள்ள புவியியல் அரும்பொருளகத்திற்கும் ஒரு நடை அழைத்துச் செல்லுங்கள். கப்பல் மனிதனின் உழைப்பைக் காட்டும். அந்த உழைப்புக்கு ஈயத்தைச் சேர்த்து வைத்தது எது என்பதை அங்குள்ள கற்கள் காட்டும்.

அந்த மாணவனுக்கு அன்று நான் உடனே பதில் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் படித்து, மறுவாரம் வகுப்பில் சொன்னேன். அவன் எழுந்து இன்னொரு கேள்வி கேட்டான்: "அப்போ எங்க வீட்டுக்குக் கீழேயும் கடல் இருந்துச்சா சார்?"

"இருந்தது தம்பி" என்றேன். வகுப்பில் இருந்த நாற்பது பிள்ளைகளும் ஒரு கணம் தரையைக் குனிந்து பார்த்தார்கள். நாமும் அப்படி ஒருமுறை குனிந்து பார்ப்போம்.