நன்னியின் நோட்டும் நாங்கள் வாசித்த நூல்களும்

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப நாளில், கோலா சுங்கை பாரு வாசகர் வட்டத்துப் பெண்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழா மேடையில் பேச எங்களுக்கும் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். தமிழ் முஸ்லிம்களின் இலக்கியத் தொண்டு பற்றிப் பேசுங்கள் என்று சொன்னீர்கள். அது பெரிய தலைப்பு. நாங்கள் ஆராய்ச்சியாளர்கள் அல்லர். எங்களில் ஒருவர் காலையில் நாசி லெமாக் கட்டி விற்பவர். ஒருவர் ஓய்வு பெற்ற தாதி. இருவர் கடையில் கணவருக்கு ஒத்தாசையாக இருப்பவர்கள். மற்றவர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். தேத்தண்ணீர் வரும், பலகாரம் வரும், பிறகு புத்தகம் வரும். ஆகவே, இந்த ஓராண்டில் நாங்கள் என்ன வாசித்தோம், வாசித்தபோது எங்கள் வீடுகளில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லுகிறோம். பெரிய தலைப்பு அதற்குள்ளேயே அடங்கியிருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது.

எங்கள் வட்டம் ஓர் அலமாரியால் உண்டானது. சங்கக் கட்டடத்தின் பின்னறையில் இருந்த மர அலமாரி உங்களுக்கு நினைவிருக்கும். மண்டபத்து நாற்காலிகளை அடுக்க இடம் வேண்டும், அதைக் காலி செய்துவிடலாம் என்று செயலவையில் பேச்சு வந்தது. "இதையெல்லாம் இனி யார் படிக்கப் போகிறார்கள்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் குற்றம் ஒன்றுமில்லை. பல வருடங்களாக அந்தப் பூட்டைத் திறந்தவர் எவருமில்லை. நாங்கள் ஒரு மாதத் தவணை கேட்டோம். திறந்து பார்த்தால் கீழ்த்தட்டைக் கறையான் தின்று தீர்த்திருந்தது. மேல்தட்டில் சீறாப்புராணம், நபிமார் வரலாறுகள், அட்டை கிழிந்த 'முஸ்லிம் முரசு' இதழ்கள், யாரோ கத்தரித்து ஒட்டிய நாளிதழ்த் துண்டுகள் இருந்தன. ஆளுக்கு ஒரு கட்டாகப் பிரித்து வீட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் காய வைத்தோம். காய வைத்த புத்தகத்தைச் சும்மா வைத்திருக்க மனம் வரவில்லை. வாசிக்கத் தொடங்கினோம்.

முதலில் எடுத்தது தமிழ் நூல் அல்ல, மலாய் நூல். முன்ஷி அப்துல்லாவின் 'ஹிகாயத் அப்துல்லா'. அவர் பெயர் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மலாக்கா பட்டணத்தில் அவர் பெயரில் சாலையே இருக்கிறது. பள்ளியில் தேர்வுக்குப் படித்திருக்கிறோம், தேர்வோடு மறந்தும் விட்டோம். ஐம்பது வயதுக்கு மேல் திரும்பப் படித்தபோதுதான் அது நம் வீட்டுக் கதை என்று தெரிந்தது. 1796இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். அவருடைய முப்பாட்டனார் யேமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே பெண்ணெடுத்த அரபி. அந்தப் பரம்பரையில் மலாக்காவுக்கு வந்த பாட்டனார் மணந்துகொண்ட பெண்ணின் பெயர் பெரியாச்சி. ஷெய்கு மீரா லெப்பையின் மகள். மலாய் இலக்கியத்தின் புதுப் பாதைக்கு முன்னோடி என்று போற்றப்படுகிறவரின் பாட்டி ஒரு பெரியாச்சி! அந்தப் பக்கத்தை வாசித்தபோது எங்களில் ஒருவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய பாட்டியையும் குடும்பத்தில் பெரியாச்சி என்றுதான் கூப்பிடுவார்களாம்.

சிறுவன் அப்துல்லாவைத் தமிழ் படிக்க அனுப்பினார் அவருடைய தகப்பனார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது அன்றைய மலாக்காவின் வழக்கம் என்றும், கணக்குப் பார்க்கவும் வியாபாரிகளோடு பேசவும் அது வேண்டியிருந்தது என்றும் அவரே எழுதியிருக்கிறார். இரண்டரை ஆண்டுகள் படித்தாராம். இந்தப் பகுதியை எங்களில் ஒருவர் தம் மகனுக்கு வாசித்துக் காட்டினார். "தமிழ் படித்து என்னம்மா பிரயோஜனம்?" என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அவன். உடனே திருந்திவிட்டான் என்று சொன்னால் அது பொய். "அப்போ கணக்குக்குத் தமிழ், இப்போ கணக்குக்கு இங்கிலீஷ், அவ்வளவுதானே?" என்றான். சரியான பதில்தான். பிரயோஜனத்தை மட்டும் சொல்லி ஒரு மொழியைப் பிள்ளைகளிடம் விற்க முடியாது என்பதை அன்றைக்கு அவனிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டோம்.

அடுத்து வாசித்தது தோப்பில் முஹம்மது மீரான் எழுதிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. 1988இல் நூலாக வந்தது. குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்துக்காரர். 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997இல் சாகித்ய அகாதமி விருது பெற்றவர். முதல் பத்துப் பக்கம் எங்களுக்குப் புரியவே இல்லை. மலையாள வாடை வீசும் தமிழ். விட்டுவிடலாம் என்று இருந்தோம். கடையநல்லூர் வழியில் வந்த மாமி ஒருவர், "கொடுங்க இங்கே, கண்ணால் படித்தால் ஓடாது, வாயால் படிக்க வேண்டும்" என்று வாங்கிச் சத்தமாக வாசித்தார். கதை தானாக நடக்கத் தொடங்கியது. ஊரையே தம் கைக்குள் வைத்திருக்கும் முதலாளி, ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்தால் மார்க்கம் போய்விடும் என்று பயப்படும் ஊரார், பயத்தைக் காட்டிக் காசு பார்க்கிறவர்கள். நாங்களும் கடலோரத்து ஆட்கள். மீன் வாடை எங்களுக்குப் புதிதல்ல. அந்தக் கதையில் வரும் மனிதர்களும் அவ்வளவு புதியவர்களாக இல்லை. யார் யார் என்று இந்த மேடையில் சொல்லமாட்டோம்!

ஒன்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். மீரான் பள்ளியில் மலையாளம் படித்து வளர்ந்தவர். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்காத ஒருவர்தான் தமிழ் நாவலில் இத்தனை உயரம் போனார். தேசியப் பள்ளிக்குப் போனோம், அதனால் தமிழ் நமக்கு இல்லை என்று நீங்கள் நினைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, சித்தி ஜுனைதா பேகம். நாகூர்ப் பெண்மணி. மூன்றாம் வகுப்பு வரைதான் பள்ளிப் படிப்பு. பன்னிரண்டு வயதில் கலியாணம், இளம் வயதிலேயே கைம்மை. அவர் எழுதிய 'காதலா கடமையா' நாவல் 1938இல் வெளிவந்தது. தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் அதைப் பாராட்டி எழுதினார். அந்தக் காலத்தில் முஸ்லிம் பெண் கதை எழுதுவதை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்பதை நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை. நாகூர் போய்வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த படியைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தோம். ஒரு வீட்டில் மாமியார், "அடுப்பில் சோறு, கையில் நாவலா?" என்று கேட்டார். அடுத்த வாரம் அவரே கண்ணாடியைத் தேடிக்கொண்டு, "அந்தப் பிள்ளை எழுதினது எங்கே?" என்று கேட்டார். எண்பது வருடத்துக்கு முன்னால் எழுதியவரை 'அந்தப் பிள்ளை' என்று உரிமையோடு கேட்டது எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்!

இனி, இந்த உரைக்குத் தலைப்பாக வைத்த நன்னியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் மூத்தவர் ஒரு நன்னி. வாசிக்க வருவதில்லை, கேட்க வருவார். கண்புரையால் பார்வை மங்கிப் போயிருந்தது. ஒரு நாள் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, துணியில் சுற்றிய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய உம்மா எழுதியது. உம்மா, ரஜூலா கப்பலில் இந்நாட்டுக்கு வந்தவர். லிங்கி ஆற்றுப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி அவருடைய கணவர் சின்னதாகச் சில்லறைக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போகாத உம்மாவுக்கு ஓதும் பள்ளியில் கற்ற அரபுத்தமிழ்தான் எழுத வரும். தமிழ்ச் சொல், அரபு எழுத்து. எங்களில் ஒருவருக்கும் அது படிக்கத் தெரியவில்லை.

நன்னியின் பேத்தி நோட்டைப் பார்த்துவிட்டு, "இது ஜாவி மாதிரி இருக்கே" என்றாள். பதினான்கு வயது, தேசியப் பள்ளி மாணவி. தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் ஜாவி படித்தவள், குர்ஆன் ஓதியவள். அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்து அமைத்துக்கொண்டார்கள் மலாய்க்காரர்கள். நம் முன்னோர்களும் அதையேதான் தமிழுக்குச் செய்தார்கள். புள்ளிகள் இடம் மாறியிருந்ததால் முதலில் தடுமாறினாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாக ஒலித்தாள். பொருள் அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட நன்னி, "மண்ணெண்ணெய்! மண்ணெண்ணெய் அரைப் போத்தல்!" என்றார். இப்படியாகப் பேத்தி ஒலிக்க, நன்னி பொருள் சொல்ல, நாங்கள் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டோம். மூன்று தலைமுறை சேர்ந்துதான் ஒரு வாசகர் ஆனோம்.

நோட்டில் என்ன இருந்தது? பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயத்தின் செய்முறை. பிறந்த தேதிகள், மௌத்தான தேதிகள். அதிகமாக இருந்தது கடைக் கணக்கு. தோட்டத்து மக்கள் கடனாக வாங்கிய அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய். ஜப்பான்காரன் காலத்துப் பக்கத்துக்கு வந்தபோது பேத்தி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஒலித்தாள். பதினொரு பெயர்களுக்கு எதிரே அந்தச் சொல் இருந்தது. 'சயாம்.'

நன்னி வெகு நேரம் பேசவில்லை.

பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை, சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியர் போட்டார்கள். போர்க்கைதிகளோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களையும் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் மடிந்தவர்களுக்குக் கணக்கில்லை. அதைப் பற்றி ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' எழுதினார். நாங்கள் அவற்றைத் தேடி வாசித்தது நன்னியின் நோட்டுக்குப் பிறகுதான். நாவலில் படித்தால் அது சரித்திரம். கடன் கணக்கில் பார்க்கும்போது, அரைப் போத்தல் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை என்று தெரிகிறது.

அன்றிரவு நன்னி எங்களிடம் ஒன்று சொன்னார். "கடன் மறுமை வரைக்கும் வரும். எங்க அத்தா சார்பிலே, உம்மா சார்பிலே, அந்தப் பதினொரு பேருக்கும் நான் ஹலால் ஆக்கிட்டேன்னு எழுதிக்குங்க." எழுதிக்கொண்டோம். அந்தப் பதினொருவரில் ஒருவர்கூட நம் மார்க்கத்தவர் இல்லை. நன்னிக்கு அது ஒரு பொருட்டாக இல்லை.

நாற்பது தாள் கொண்ட அந்த நோட்டில் இருபத்தாறு தாள் முடிந்திருந்தபோது, ஷவ்வால் மாதத்தில், நன்னி மௌத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நோட்டு அவ்வளவுதான் என்று நினைத்தோம். நாற்பதாம் நாள் கழிந்ததும் பேத்தியே எங்களைத் தேடி வந்தாள். "மீதியைப் படிக்கலாமா?" என்று கேட்டாள். நன்னி சொல்லக் கேட்டுக் கேட்டு இப்போது பாதிச் சொற்கள் அவளுக்கே புரிகின்றன. மீதிப் பாதிக்கு நாங்கள் இருக்கிறோம்.

முப்பத்து மூன்றாம் தாளில், போர் முடிந்த பிறகு எழுதிய ஒரு வரி இருந்தது. பதினொருவரில் ஒருவர் திரும்பி வந்திருக்கிறார். கால் ஊனமாக வந்தாராம். பழைய கடனுக்கு 2 வெள்ளி கொடுத்தாராம். உம்மா வாங்கிக்கொண்டு, அவருக்குச் சோறு போட்டு அனுப்பியதாக எழுதியிருக்கிறார். வாங்காமல் விட்டிருக்கலாமே என்று எங்களில் ஒருவர் கேட்டார். "வாங்கியதுதான் மரியாதை. அவ்வளவு கஷ்டத்திலும் கடனைத் தீர்க்க வந்த மனிதனைத் திருப்பி அனுப்பக்கூடாது" என்றார் மற்றொருவர். அந்த இரவு முழுவதும் இதைத்தான் பேசினோம். ஒரு வரி, அவ்வளவுதான். நன்னி அதைக் கேட்காமலே போய்விட்டார் என்பது மட்டும் எங்களுக்கு ஆறவில்லை.

அன்பானவர்களே! அலமாரி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். செயலவையினர் பெருந்தன்மையோடு அதை எங்களுக்கே விட்டுவிட்டார்கள். நாற்காலிகள் இப்போது மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. கொஞ்சம் இடைஞ்சல்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொன்விழாவில் உங்களிடம் நாங்கள் கேட்பது நன்கொடை அல்ல. வீடு மாறும்போதும், பெரியவர்கள் மௌத்தான பிறகும், தகரப் பெட்டியைத் தூக்கி எறிவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு முறை காட்டுங்கள். அரபு எழுத்தில் இருக்கிறது என்பதால் ஓதும் கிதாபு என்று நினைத்துப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். அதில் உங்கள் பாட்டியின் கணக்கு இருக்கலாம். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் கால் மணி நேரம் எதையாவது சத்தமாக வாசியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் காதால் வாசிப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே வாசியுங்கள்.

நோட்டில் இன்னும் ஐந்து தாள் இருக்கிறது. இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, இன்ஷா அல்லாஹ், நன்னியின் வீட்டிலேயே கூடுகிறோம். பேத்தி வாசிப்பாள். வர முடிந்தவர்கள் வாருங்கள். தேத்தண்ணீர் உண்டு.

நன்னிக்காகவும், சங்கத்தை ஐம்பது ஆண்டுகள் சுமந்து வந்து மறைந்த பெரியோர்கள் அனைவருக்காகவும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.