நாற்காலியை விட்டுக் கொடுத்தவர்



சென்ற வாரம் இந்த மையத்தில் ஓர் அம்மா ஒரு கேள்வி கேட்டார். "தலைவர் என்றால் சண்டை போட்டுத்தானே ஆகவேண்டும்? விட்டுக் கொடுத்தால் கோழை என்று சொல்ல மாட்டார்களா?" என்றார். அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இன்று ஒரு கதை சொல்கிறேன். கட்டுக்கதை இல்லை. நம் நாட்டில் நடந்த கதை.

சுவரில் உள்ள இந்தியப் படத்தைப் பாருங்கள். வலது ஓரத்தில், வங்கதேசத்துக்கும் மியான்மருக்கும் நடுவில், நாக்குப் போல ஓர் இடம் தொங்குகிறதா? அதுதான் மிசோரம். மலை நாடு. எங்கு பார்த்தாலும் மூங்கில் காடு.

அங்கே ஒரு வகை மூங்கில் சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் பூக்கும். காடு முழுக்கப் பூக்கும். காய்க்கும். அந்தக் காயைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் எலிகள் வயலில் இறங்கும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் நெல் போய்விடும். பிறகு பஞ்சம்தான்.

1959ஆம் ஆண்டு அந்தப் பஞ்சம் வந்தது. வரப்போகிறது என்று மிசோ மக்களுக்குத் தெரியும். முன்கூட்டியே சொன்னார்கள். உதவி கேட்டார்கள். அப்போது மிசோ மலை அசாம் மாநிலத்தில் ஒரு மாவட்டம். மேலே இருந்தவர்கள் காதில் வாங்கவில்லை. மக்கள் வயிற்றில் பசியோடு கோபமும் வளர்ந்தது. பஞ்சத்துக்கு உதவ ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது 1961இல் மிசோ தேசிய முன்னணி என்ற கட்சியாக மாறியது. தலைவர் பெயர் லால்டெங்கா. தனி நாடு வேண்டும் என்றார்.

1966 பிப்ரவரி 28ஆம் தேதி இரவு அவருடைய ஆட்கள் துப்பாக்கி எடுத்தார்கள். படை முகாம்களைத் தாக்கினார்கள். அரசு சும்மா இருக்குமா? மார்ச் 5ஆம் தேதி அய்சால் நகரத்தின் மேல் விமானம் குண்டு போட்டது. நம் நாட்டு விமானம். நம் நாட்டு ஊர். இதை நான் சொல்லும்போது எனக்கே நாக்குக் கூசுகிறது.

அடுத்த ஆண்டு முதல் இன்னொன்று நடந்தது. போராளிகளுக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்று, மலையில் இருந்த ஊர்களைக் காலி செய்தார்கள். மக்களைச் சாலை ஓரத்தில் கொண்டுவந்து குடிவைத்தார்கள். பழைய வீடுகளைக் கொளுத்தினார்கள். சொந்த வயலுக்குப் போகவும் கட்டுப்பாடு.

இப்படியே 20 ஆண்டுகள். தனி நாடும் கிடைக்கவில்லை. அமைதியும் கிடைக்கவில்லை. இடையில் 1976இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அது நிலைக்கவில்லை. தேவாலயப் பெரியவர்கள்தான் சலிக்காமல் இரண்டு பக்கமும் நடந்தார்கள். கடைசியில் 1986 ஜூன் 30ஆம் தேதி டெல்லியில் ஒப்பந்தம் ஆனது. அப்போது ராஜீவ் காந்தி பிரதமர்.

யார் எதைக் கொடுத்தார்கள்? லால்டெங்கா தனி நாடு கேட்பதை விட்டார். போராளிகள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். மிசோரத்தை மாநிலம் ஆக்க மத்திய அரசு சம்மதித்தது. அவர்களின் நிலம், பழக்கவழக்கம் பற்றிப் பாராளுமன்றம் சட்டம் போட்டால், மிசோரம் சட்டமன்றம் ஏற்றால்தான் அங்கே செல்லும். அதற்கும் அரசு ஒப்புக்கொண்டது.

இன்னும் ஒன்று பாக்கி. ஆட்சியை லால்டெங்காவிடம் கொடுக்க வேண்டும். அப்போது முதலமைச்சர் லால் தன்ஹாவ்லா. காங்கிரஸ்காரர். தேர்தலில் வென்று வந்தவர். அவர் நாற்காலியை விட்டு இறங்கினார். நேற்றுவரை எதிர்ப்பக்கம் இருந்தவருக்குக் கீழே துணை முதலமைச்சராக உட்கார்ந்தார். யோசித்துப் பாருங்கள். சங்கத் தலைவர் பதவியை விடவே நமக்கு மனசு வருவதில்லை! கட்சி மேலிடம் சொன்னது, அதனால் இறங்கினார் என்று சிலர் சொல்லலாம். சொல்லட்டும். மேலிடம் சொல்லியும் இறங்காதவர்கள் எத்தனை பேர்!

சண்டையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பசிக்கிறது என்று உரக்கச் சொல்லத்தான் வேண்டும். முதலில் மெதுவாகச் சொன்னதை யாரும் கேட்கவில்லையே. ஆனால் உரக்கச் சொல்வது வேறு. ஆளை ஒழிப்பது வேறு.

1987 பிப்ரவரி 20ஆம் தேதி மிசோரம் மாநிலம் ஆனது. லால்டெங்கா முதலமைச்சர். 1989 தேர்தலில் அவருடைய கட்சி தோற்றது. விட்டுக் கொடுத்த லால் தன்ஹாவ்லா மறுபடியும் முதலமைச்சர் ஆனார். தோற்றவர்கள் துப்பாக்கியைத் தேடிப் போகவில்லை. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார்கள். 1998இல் அவர்கள் முறை வந்தது. லால்டெங்காவோடு காட்டில் இருந்த சோரம்தங்கா முதலமைச்சர் ஆனார்.

அவர் ஆட்சியில், 2007இல், மூங்கில் மறுபடியும் பூத்தது. இந்த முறை அரசு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தது. எலியைப் பிடித்து வாலைக் கொண்டு வந்தால் காசு கொடுத்தது. இஞ்சி, மஞ்சள் பயிரிடச் சொன்னது. அப்படியும் நெல் போனது. மக்கள் கஷ்டப்பட்டார்கள். 2008இல் தேர்தல் வந்தது. ஓட்டுப் போட்டு அவரை இறக்கினார்கள். வந்தவர் யார் தெரியுமா? அதே லால் தன்ஹாவ்லா.

கேள்வி கேட்ட அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, முன்னால் வாருங்கள். இப்போது நீங்கள் பேசுங்கள்.