கண்ணுக்குத் தெரியாத கங்காணி

(ஊர்காவற்றுறையில் தீவக மக்கள் முன் ஆற்றப்பட்ட உரை)



கைத்தொலைபேசிச் செயலிகள் வழியாக நாட்கூலி வேலையும் பகுதிநேர வேலையும் தேடிக்கொள்வது நன்றோ, தீதோ என்று பேசும்படி நம்மைப் பணித்திருக்கிறீர்கள். இது பட்டினத்தார் பேசவேண்டிய பொருள், குறிகாட்டுவானில் படகுக்குக் காத்து நிற்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று முன்வரிசைப் பெரியவர்கள் எண்ணக்கூடும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே விடியற்காலையில் வேலணையிலிருந்தும் அல்லைப்பிட்டியிலிருந்தும் மோட்டார் சைக்கிளேறிப் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, யாழ்ப்பாணப் பட்டினத்தின் தெருக்களில் அடுத்த அழைப்புக்காகக் கைத்தொலைபேசியைப் பார்த்து நிற்கிறார்கள். ஆகவே இது நம் வீட்டுப் பொருளே.

ஏன் நிற்கிறார்கள்? சோம்பலாலா? அன்று. 2022-ஆம் ஆண்டில் நாடு கடனிறுக்க இயலாது கைவிரித்தபோது, அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே பாய்ச்சலில் ஏறியது. சிறு படகுக்காரனின் தொழில் அன்று தரைதட்டியது. அதற்கு முன்னரே அவன் கடலை இழுவைப் படகுகள் அரித்துக்கொண்டிருந்தன. 2017-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது உண்மையே; ஆனால் அக்கரையிலிருந்து வரும் மடி சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. கமக்காரன் நிலையோ வேறு. ஒரு மாரி பொய்த்தால் ஓராண்டு போயிற்று. கிணற்றில் உவர் ஏறினால் தோட்டமும் போயிற்று. சோளகம் வீசும் மாதங்களில் நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எத்தனை! தொழில் இல்லாத மாதத்துக்கு ஒரு தொழில் வேண்டும். அந்த இடைவெளியிலேதான் செயலி நுழைந்தது.

அது செய்யும் வேலை எளிது. வேலை தருவோனையும் வேலை தேடுவோனையும் இணைக்கிறது, கூலியை வகுக்கிறது, தன் தரகை எடுத்துக்கொள்கிறது. 2015-ஆம் ஆண்டில் கொழும்பில் 'பிக்மீ' என்ற உள்நாட்டு நிறுவனம் இத்தொழிலைத் தொடங்கிற்று. 'ஊபர்' என்ற அமெரிக்க நிறுவனமும் அதே ஆண்டில் வந்திறங்கியது. பின்னர் அவ்வழக்கம் வடக்குக்கும் வந்தது. தரிப்பிடத்தில் வரிசை பார்த்து நிற்கும் முச்சக்கர வண்டிச் சாரதிக்கும், செயலி பார்த்து ஓடும் சாரதிக்கும் இடையே எழுந்த பிணக்கையும் நாம் அறிவோம். இரு பக்கமும் நம் பிள்ளைகள். ஒருவன் வாயிலிருந்து பறித்து மற்றவன் வாயிலிடும் ஏற்பாட்டை முன்னேற்றம் என்று கொண்டாட நாம் ஆயத்தமாக இல்லை.

எனினும் நன்மையை மறைப்பது நேர்மையாகாது. நம் தீவகத்தில் வேலை என்பது எப்படிக் கிடைத்தது? புங்குடுதீவு, காரைநகர் வர்த்தகர்கள் தென்னிலங்கையெங்கும் கடை விரித்திருந்த காலத்தில், ஊர்ப் பெரியவர் ஒருவரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பையன் புகைவண்டி ஏறினான். கடிதம் எழுதப் பெரியவர் இல்லாதவனுக்கு வேலையும் இல்லை. இன்ன குலத்தான், இன்ன ஊரான், இன்னார் மகன் என்ற கேள்விகளைத் தாண்டித்தான் கடை வாசலை மிதிக்க முடிந்தது. செயலி இக்கேள்விகளைக் கேட்பதில்லை. சாதி கேளாமல் கூலி கொடுக்கும் ஒரு வாசல் திறந்திருப்பதைச் சிறு நன்மை என்று நாம் கொள்ளோம். இத்தனை கூட்டங்கள் போட்டும் நம்மாற் செய்ய இயலாத ஒன்றை ஓர் இயந்திரம் செய்திருக்கிறதே என்று சற்று வெட்கப்படுவதும் நமக்கு நல்லது.

வாசல் திறந்தது சரி. உள்ளே இருப்பது என்ன?

மலையகத்தில் நம் உடன்பிறந்த தொழிலாளரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவன் கங்காணி. நாள்தோறும் எத்தனை பேரை அவன் வேலைக்கு இறக்கினானோ, அத்தனை தலைக்கும் அவனுக்குக் காசு உண்டு. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். அவன் பட்ட கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைப் புதிய தோட்டம் இறுத்தாலொழிய அவனுக்கு விடுதலை இல்லை. அந்தத் துண்டு முறையை 1921-ஆம் ஆண்டில்தான் சட்டம் ஒழித்தது. இன்றைய செயலி ஒவ்வோர் ஓட்டத்திலும் தரகு எடுக்கிறது. அதனிடமும் ஒரு சீட்டு உண்டு. வாடிக்கையாளர் இடும் நட்சத்திரங்களே அச்சீட்டு. மூன்றாண்டு வெயிலிலும் மழையிலும் ஓடிச் சேர்த்த நட்சத்திரங்களை மற்றொரு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. அங்கே அவன் மீண்டும் முதலாம் வகுப்புப் பிள்ளை. பழைய துண்டு தொழிலாளியின் கடனைச் சுமந்து சென்றது. புதிய துண்டு அவன் உழைப்பைச் சுமந்து செல்ல மறுக்கிறது. கட்டிப்போடும் வேலையை இரண்டுமே செய்கின்றன. அன்றைய கங்காணியை வழியிலாவது கண்டு நியாயம் கேட்கலாம். இந்தக் கங்காணியின் முகத்தை யார் கண்டார்? கணக்கு முடக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்று பிள்ளைகள் நம்மைக் கேட்கும்போது நாம் விழிக்கவேண்டியிருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். கமக்காரருக்குக் கணக்கு விளங்கும். விதைநெல்லையும் எருவையும் கழிக்காமல் விளைச்சலை இலாபம் என்று எந்தக் கமக்காரனும் சொல்வதில்லை. ஊர்காவற்றுறை இளைஞன் ஒருவன் ஒருநாள் 4,000 ரூபாவுக்கு ஓடினான் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பதினைந்து தரகு என்றால் 600 ரூபா போயிற்று. பட்டினத்துள் ஓடியது 100 கிலோமீட்டர். வீட்டிலிருந்து போய்வர ஏறத்தாழ 40. இந்த நாற்பதுக்கு யாரும் கூலி தருவதில்லை. லீற்றருக்கு 40 கிலோமீட்டர் என்றால் மூன்றரை லீற்றர் பெற்றோல். லீற்றர் 300 ரூபா என்று கொண்டால் 1,050 ரூபா. சக்கரம், எண்ணெய், சங்கிலி, பழுது எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 3 ரூபா என்றால் 420. சாப்பாடு, தேநீர், இணையம் 400. வண்டியின் தவணைக்கு நாளொன்றுக்கு 500. மிச்சம் 1,030 ரூபா. வீட்டை விட்டுப் புறப்பட்டுத் திரும்பிவரப் பன்னிரண்டு மணித்தியாலம். தொகைகளை அவரவர் அனுபவத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கழிக்கும் முறையை மட்டும் மாற்றாதீர்கள். தேசிய ஆகக்குறைந்த வேதனம் பற்றிய 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 2025-இல் திருத்தப்பட்டபோது, 2026 சனவரி முதல் நாளொன்றுக்கு 1,200 ரூபா என்று விதிக்கப்பட்டது. நம் உதாரணப் பிள்ளை அதற்கும் கீழே நிற்கிறான். ஆனால் திரையில் அவனுக்குத் தெரிவது 3,400 என்ற எண்.

ஏன் சட்டம் அவனை எட்டவில்லை? அவன் 'ஊழியன்' அல்லன், 'பங்காளி' என்று ஒப்பந்தம் சொல்கிறது. என்ன பங்காளி! இலாபத்திலே பங்கில்லை, கூலியை வகுப்பதிலே சொல்லில்லை, செலவு முழுவதும் தன் தலையில்! இந்த ஒரு சொல் மாற்றத்தால் என்ன இழக்கிறான் என்று பாருங்கள். வேலைசெய்கையில் காயமுற்றவனுக்கு நட்டஈடு தரும் கட்டளைச் சட்டம் 1934-இல் வந்தது. 1941-ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், நம் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டிற் தொழிலுக்குங்கூட ஒரு சபை அமைந்தது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிய சுருட்டுத் தொழிலாளிக்கே சம்பளச் சபை வேண்டுமென்று ஒப்புக்கொண்ட நாடு இது. கொழும்புக் கடைகளில் இரவு பகலாக நின்ற நம் தீவகத்துப் பையன்களுக்கு வேலைநேரமும் விடுமுறையும் வாங்கித்தந்தது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். 1958-இல் ஊழியர் சேமலாப நிதி வந்தது. முதலாளி நூற்றுக்கு 12, ஊழியர் 8. 1980-இல் நம்பிக்கைப் பொறுப்பு நிதி வந்தது. முதலாளி மேலும் 3. இவை யாவும் 'பங்காளி' என்ற சொல்லுக்கு வெளியே நிற்கின்றன.

முதலாளி யார் என்று தெரியாத இடத்தில் என்ன செய்வது என்று சட்ட அறிஞர்கள் கேட்கிறார்கள். கமக்காரனுக்கு யார் முதலாளி? கடற்றொழிலாளிக்கு யார் முதலாளி? ஒருவருமில்லை. அப்படியிருந்தும் 1987-இல் கமக்காரருக்கும் 1990-இல் கடற்றொழிலாளருக்கும் ஓய்வூதியத் திட்டங்களைச் சட்டமாக்கினார்கள். இங்கேயோ கூலியை வகுத்து, வேலையைப் பகிர்ந்து, தவறினால் நீக்கவும் ஒரு நிறுவனம் கண்முன்னே இருக்கிறது! அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

பிற நாடுகள் உறங்கிக்கிடக்கவில்லை. 2021 பெப்ரவரியில் பிரித்தானிய உயர்நீதிமன்றம் ஊபர் சாரதிகளைத் தொழிலாளர் என்றே தீர்த்து, ஆகக்குறைந்த வேதனத்துக்கும் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கும் அவர்கள் உரியவர் என்றது. இராசத்தான் மாநிலம் 2023-இல் இந்தியாவிலேயே முதலாவதாக இதற்கெனத் தனிச்சட்டம் செய்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசு இத்தொழிலாளருக்கு நலவாரியம் அமைத்தது. 2025-இல் சென்னை மாநகராட்சி இவர்கள் இளைப்பாறக் குளிரூட்டிய கூடங்களைத் திறந்தது. வெயிலில் நிற்பவனுக்கு நிழலும் ஒரு தொழிலாளர் உரிமைதான். இந்திய நடுவண் அரசின் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. செயலி நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை நிதிக்குக் கொடுக்கவேண்டும் என்கிறது அது. சர்வதேச தொழில் தாபன மாநாடும் இத்துறைக்கு ஓர் உடன்படிக்கை ஆக்குவதென 2025-இல் தீர்மானித்தது. கொழும்புக்கு இவற்றைச் சுட்டிக்காட்டும் கடமை நம் பாராளுமன்றப் பிரதிநிதிகளுக்கு உண்டு. தேர்தற்காலத்தில் இறங்குதுறைக்கு வரும்போது கேட்டுவையுங்கள்.

அதுவரை கை கட்டியிருக்கவேண்டுமா? வேண்டியதில்லை. கூட்டுறவு யாழ்ப்பாணத்தின் முதுசொம். காரைநகர்த் தாம்போதிக்கு அப்பால் மூளாயில், 1930-களிலேயே கூட்டுறவு முறையில் வைத்தியசாலை நடத்திய மக்கள் நாம். மரமேறும் தொழிலாளரைக் கொட்டில்காரர் கையிலிருந்து விடுவித்தவை பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள். ஒரு செயலியை நடத்துவது வைத்தியசாலையை நடத்துவதைவிடக் கடினமா? கேரள அரசு 2022-இல் 'கேரள சவாரி' என்று தானே ஒரு செயலியைத் தொடங்கிற்று. பெங்களூரில் ஓட்டுநர் சங்கத்தின் ஆதரவோடு எழுந்த 'நம்ம யாத்ரி', ஓட்டத்துக்குத் தரகென்பதை விடுத்துச் சிறு நாட்கட்டணத்தோடு நிறுத்திக்கொண்டது. வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு ஆகிய மூன்று பிரதேசங்களின் சங்கங்களும் சேர்ந்து தீவகத்துக்கென ஒரு வேலைப் பதிவேட்டைத் தொடங்கலாம். நயினாதீவு அம்மன் திருவிழாவின் பதினைந்து பதினாறு நாளும் படகுத்துறையிலும் அன்னதான மடத்திலும் எத்தனை கை வேண்டும்? நெல் வெட்டுக்கு எத்தனை பேர் வேண்டும்? நெடுந்தீவுக்கு வரும் சுற்றுலாப் பயணிக்குக் குதிரைகளையும் கோட்டையையும் காட்ட எத்தனை வண்டி வேண்டும்? இவற்றை அறிவது நாமா, கொழும்பில் இருக்கும் கணினியா? தொடக்கத்தில் செயலிகூட வேண்டாம். சங்கக் கடையில் ஒரு கொப்பியும் ஒரு தொலைபேசியும் போதும். ஆள் சேர்ந்த பின் யாழ்ப்பாணத்துக் கணினிப் பட்டதாரிகள் மிச்சத்தைச் செய்வார்கள்.

படித்த இளைஞருக்கு ஒரு வார்த்தை. வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டாருக்குக் கணக்கெழுதுவதும் படம் வரைவதும் நிரலெழுதுவதும் தீவுக்கு ஏற்ற தொழில். அதற்குப் படகு வேண்டாம், மின்சாரமும் இணையமுமே வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியஒளி, காற்று மின்திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதை விரைவுபடுத்தும்படி கேட்பதும் வேலை கேட்பதே. 2025 ஏப்ரல் முதல் இவ்வருவாய்க்கும் வரி உண்டு. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கு. வெளிநாட்டுப் பணமாக வங்கிவழி வந்தால் அதற்குமேல் உயர்ந்த வீதம் நூற்றுக்கு 15. ஆனால் வேலை தருவதற்கு முன் பணம் கேட்பவனை நம்பாதீர்கள். கணினி வேலை என்று அழைக்கப்பட்டு, மியன்மார் எல்லையில் மியாவடியின் மோசடிக் கூடாரங்களில் அடைபட்ட இலங்கை இளைஞர்களை 2024-இல் மீட்டெடுக்க வேண்டியிருந்ததை மறவாதீர்கள்.

இன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நாளைக் காலை செய்யவேண்டிய ஒன்று உண்டு. வண்டியின் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சொந்தப் பாவனைக்கு மட்டும் என்று அதில் இருந்தால், கூலிக்கு ஆளையோ பொதியையோ ஏற்றிச் செல்கையில் விபத்து நேர்ந்தால் காப்புறுதிக்காரர் கைவிரிக்கக்கூடும். கூலி ஓட்டத்தையும் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள். தவணை சற்று ஏறும். அந்த ஏற்றத்தையும் நாம் மேலே சொன்ன கணக்கிலே கழித்து எழுதிக்கொள்ளுங்கள்.