தனிமுயலுக்குத் துணை

தமிழிலே முயல் என்னும் ஒரு சொல் இரு வேறு பிராணிகளுக்குப் பெயராக வழங்கி வருகிறது. சொல்லின் இப்பொதுமையால் விளையும் தீங்கு சிறிதன்று. தீவக வீடுகள் சிலவற்றிலே, கம்பிக் கூட்டுள் வளரும் வெள்ளை முயலொன்று, வீட்டார் எவரும் கெடுதி நினையாதிருக்கவும், ஆயுள் முழுவதையும் தனிமையிற் கழிக்கின்றது. முயல் தனித்து வாழும் பிராணிதானே என்று வீட்டார் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் காட்டு முயலைப் பொறுத்தவரை சரி. கூட்டு முயலைப் பொறுத்தவரை முற்றிலும் பிழை.

இலங்கையின் பற்றைக் காடுகளிலும் புல்வெளிகளிலும் திரியும் முயல், பிடரியிலே கருமை படர்ந்த இனத்தைச் சார்ந்தது. அது வளை தோண்டுவதில்லை. புல்லிடையே சிறு பள்ளமொன்றிற் பகலெல்லாம் பதுங்கியிருந்து, பொழுது சாய்ந்தபின் மேய வரும். அதன் குட்டி உரோமம் போர்த்து, கண் திறந்த நிலையிலேயே பிறக்கும். பெரும்பாலும் தனித்தே வாழும். நிலவிலே முயலைக் கண்ட முன்னோர் அறிந்திருந்தது இம்முயலையே.

கூட்டு முயலின் பூர்வீகமோ ஸ்பெயினும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பமாகும். இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் வீட்டு முயல் இனங்கள் யாவும் அங்கு வாழ்ந்த ஒரே காட்டினத்தின் வழிவந்தவை. அது மண்ணுள் வளைகள் தோண்டிக் குடும்பங் குடும்பமாக வாழ்வது. குட்டிகள் மயிரின்றி, கண் மூடிய நிலையிற் பிறப்பன. பகைவன் வாடையை உணர்ந்தால் பின்னங்காலால் நிலத்தை அறைந்து ஏனையவற்றை எச்சரிக்கும். கேட்பதற்கு வேறொரு முயல் இல்லாத கம்பிக் கூட்டிலும் அது அவ்வாறே அறைகின்றது.

இவ்வாழ்க்கையை நெருங்கியிருந்து ஆராய்ந்தவருள் ஒருவர் றொனால்ட் லொக்லி என்பவர். அவரும் ஒரு தீவுவாசியே. 1927 முதல் வேல்ஸ் நாட்டுக் கரைக்கு அப்பாலுள்ள ஸ்கோகோம் என்னும் சிறு தீவிலே வாழ்ந்து, முயல் வளர்த்துப் பொருளீட்ட முயன்று தோற்றவர். பின்னர் வேல்ஸ் பெருநிலத்திலே முயல் வளைகளைப் பல்லாண்டு அவதானித்து, 1964 இல் முயலின் அந்தரங்க வாழ்க்கை பற்றிய நூலொன்றை வெளியிட்டார். முயற் கூட்டத்திலே தலைமையும் பணிவும், உறவும் பகையும் உண்டென்பதை அந்நூல் விரித்துரைக்கின்றது. 2008 இல் வெளிவந்த ஆய்வொன்று இதனை வேறொரு வழியால் உறுதிசெய்தது. பெண்முயல்களின் முன்னே பாரம் கூட்டிக்கூட்டி ஏற்றிய கதவுகள் வைக்கப்பட்டன. உணவை அடைய எத்துணைப் பாரத்தைத் தள்ளினவோ, ஏறக்குறைய அத்துணைப் பாரத்தை மற்றொரு முயலை அடைவதற்காகவும் அவை தள்ளின.

தீவகத்தார்க்கு இது புதுமையாய்த் தோன்றவேண்டியதில்லை. போர்த்துக்கேயர் காலத்தும் ஒல்லாந்தர் காலத்தும் கொண்டுவந்து பெருக்கப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் நெடுந்தீவின் வெளிகளிலே இன்றும் கூட்டங் கூட்டமாக மேய்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பிரித்துப் பவளக்கல் வேலிக்குள் அடைத்து வைத்தால் அது என்ன பாடுபடும் என்பதை அவ்வூர்ச் சிறுவனும் சொல்வான். முயல் கனைப்பதில்லை, எளிதிற் கதறுவதுமில்லை. ஆதலால் அதன் குறை செவிக்கு எட்டுவதில்லை. கம்பியை ஓயாது கடித்தல், தன் மயிரைத் தானே பிடுங்குதல், மூலையிலே அசையாது குந்தியிருத்தல் என்பன அதன் முறைப்பாடுகள். (பல் நோயாலும் வயிற்று நோயாலும் இவை தோன்றலாம். ஆகவே முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுதல் நன்று.) பிள்ளைகள் பாடசாலையால் வந்து சிறிது நேரம் கொஞ்சுவது போதாதா என்று கேட்கலாம். முயல் உற்சாகமாய் இருக்கும் பொழுதுகள் விடியலும் அந்தியும்; கொஞ்சும் கை வருவதோ பெரும்பாலும் அது உறங்க விரும்பும் நடுப்பகலில்.

புங்குடுதீவு முதலிய ஊர்களிலிருந்து சென்று பலர் குடியேறியுள்ள சுவிற்சர்லாந்து தேசத்திலே 2008 முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்குவிதி, கினிப்பன்றியைத் தனியாக வளர்ப்பதைத் தடைசெய்கின்றது. முயற் குட்டிகளை முதல் எட்டு வாரங்கள் கூட்டமாகவே வளர்க்கவேண்டுமென்றும் விதிக்கின்றது.

துணை என்றால் எத்துணை? கினிப்பன்றி உதவாது. முயலின் பின்னங்கால் உதை அதற்கு ஆபத்து. முயலைப் பாதியாத சில சுவாச நோய்க்கிருமிகள் அதனைக் கொல்லவும் கூடும். முயலுக்குத் துணை முயலே. இரு ஆண்கள் வளர்ந்தபின் ஒன்றையொன்று கிழித்துவிடும். இரு பெண்கள் இணங்கினும் இணங்கும், இணங்காமலும் போகும். ஆணும் பெண்ணுமே மிக எளிதிற் கூடுவன. தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது.

பெண்முயல் சினையுற்று ஏறத்தாழ 31 நாளிற் குட்டி ஈனும். ஈன்ற அன்றே மீண்டும் சினைப்படவும் வல்லது. குட்டிகள் நாலைந்து மாதத்திலே தாமும் இனம் பெருக்கத் தொடங்கும். வைத்திருக்க இடமின்றி எவரேனும் அவற்றை வெளியில் விட்டால் என்ன ஆகும்? ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த லேசான் என்னும் தீவு இதற்கு விடை கூறும். அங்கே 1903 இல் முயல்கள் கொண்டுவந்து விடப்பட்டன. 1923 இல் எஞ்சிய முயல்களை அழித்தபோது தீவு ஏறக்குறைய வெறும் மணற்றிடலாய்க் கிடந்தது. அத்தீவுக்கே உரிய நிலப்பறவைகள் மூன்று பூண்டோடு அழிந்தன. வரட்சிக் காலத்திலே மாடும் ஆடும் குதிரையும் எஞ்சிய புல்லுக்கும் நன்னீருக்கும் அலையும் நெடுந்தீவிலே இத்தகைய பரீட்சை வேண்டாம்.

ஆகவே துணை தேடுமுன் ஆணை நலமடிப்பித்தல் அவசியம். பெண்ணுக்கும் கருப்பை நீக்குதல் சிறப்பு. தீவார்க்கு இது எளிய காரியமன்று. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகிலே ஏறத்தாழ ஒரு மணி நேரம். பின்பு புங்குடுதீவும் வேலணையும் கடந்து யாழ்ப்பாணம் வரை பேருந்துப் பயணம். முயல் வெப்பத்தைத் தாங்காது. ஆதலால் அதிகாலைப் படகே உகந்தது. சத்திரசிகிச்சைக்கு முன் நாயைப் பட்டினி போடுவதுபோல் முயலைப் பட்டினி போடலாகாது. அதற்கு வாந்தி வருவதில்லை; குடல் ஓயாது இயங்கிக்கொண்டிருக்கவும் வேண்டும். நலமடித்த ஆணும் நாலு முதல் ஆறு வாரம் வரை சினைப்படுத்த வல்லது என்பதை மறவாமல், அதுவரை பிரித்து வைத்தல் வேண்டும். சிகிச்சைக்கு வழியே இல்லையாயின், இரு கூடுகளை அருகருகே வைத்து, இரண்டு கம்பி வலைகளுக்கிடையே சில விரல் இடைவெளி விட்டு, ஒன்றையொன்று கண்டும் மணந்தும் படுக்கச் செய்யலாம். அது அரைத் துணையே. ஆயினும் தனிமையிலும் மேலானது.

புதியதைப் பழையதன் கூட்டினுள் நேரே விடுவது பெரும் பிழை. தன் எல்லைக்குள் அந்நியன் காலடி படுவதை முயல் பொறாது. வேலிக் கதியால் ஒரு சாண் நகர்ந்ததற்காக நீதிமன்றம் ஏறும் யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. முதலிற் கூடுகள் அருகருகே இருக்கட்டும். சில நாட்களுக்கு ஒருமுறை படுக்கைப் புல்லை மாற்றிப் போட்டால் ஒன்றன் மணம் மற்றதற்குப் பழகும். பின்னர் இரண்டுக்கும் உரிமையில்லாத புதிய இடத்திலே, விறாந்தையின் ஒரு மூலையிலோ வெறும் அறையிலோ, சில நிமிடம் கூட்டிவைத்து அருகிலிருந்து கவனிக்கவேண்டும். துரத்தலும் மேலேறுதலும் சிறிது மயிர் பறத்தலும் இயல்பு, அதற்காகப் பதறவேண்டாம். கட்டிப் புரண்டு கடித்தால் உடனே பிரிக்கவேண்டும், வெறுங் கையாலன்று, தடித்த துணியால். நாள்தோறும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்லலாம். சில சோடிகள் ஓரிரு நாளிலும், சில வாரக்கணக்கிலும் இணங்கும். ஒன்றன் நெற்றியை மற்றது நக்கி, இரண்டும் உடலோடு உடல் சாய்ந்து உறங்கும் நாள் வரும். அதன் பின்பும் உணவுத் தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் ஒளிவிடமும் இரண்டிரண்டாகவே இருத்தல் வேண்டும்.

இணைந்த சோடியைப் பின்னர் பிரிக்கலாகாது. ஒன்றுக்கு நோய் வந்து படகேற்ற நேர்ந்தாலும், வைத்தியர் தடுத்தாலன்றி, மற்றதையும் உடன் கொண்டு செல்லுதலே முறை. நோயுற்றதை மாத்திரம் கொண்டு சென்று, மருந்து மணக்க மாலைப் படகிலே மீட்டு வந்து விட்டால், காலைவரை அதனோடு ஒட்டிக் கிடந்த துணையே அதனை அந்நியன் எனக் கருதிக் கடிப்பதும் உண்டு.