ஆலைநீரின் மறுபிறப்பு



1950களில் அடுகோடியில் மைக்கோ ஆலை எழுந்த நாள்தொட்டு, ஆலைச் சங்கொலி கேட்டு வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. ஆலையின் உற்பத்தி பிடதிக்குப் பெயர்ந்துவிட்டது; நாம் பெயரவில்லை. நம் குழாயில் வரும் காவிரியோ ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருகின்றது. அத்தகைய நீரை ஒருமுறை தொட்டுச் சாக்கடையில் விடுவது தகுமா? இவ்வினாவுக்குத் திருப்பூர் அளித்த விடையை இன்று கூற விழைகின்றோம்.

வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து காவிரியிற் கலப்பது நொய்யல். அதன் கரையில் பின்னலாடைத் தொழில் ஓங்கிற்று, சாயப்பட்டறைகள் பெருகின. பருத்தியிற் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் துணியோடு ஒட்டிக்கொள்ளும். உப்போ ஒட்டாது, அலசும் நீரோடு போய்விடும். நிறத்தைக் கண் காணும். கரைந்த உப்பைக் காணாது. ஆதலின் நிறம் நீக்கிய நீரைத் தூயநீர் என்றெண்ணி ஏமாறுவோர் உளர். பாசனத்துக்கென 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. கிணறுகள் உவர்த்தன. உழவர் நீதிமன்றம் ஏறினர். கழிவுநீரை ஒரு துளியும் வெளியேற்றாத நிலையை எய்தும்வரை பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. உழவனும் நம்மவன், சாயத் தொழிலாளியும் நம்மவன்.

பின்னர் நிகழ்ந்ததே நாம் வியப்பது. பட்டறைகள் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் செப்பம் செய்தன. முதலில் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள கழிவுப்பொருளைத் தின்கின்றன. அடுத்து, மெல்லிய சவ்வின் வழியே நீர் பேரழுத்தத்துடன் செலுத்தப்படுகின்றது. நீர் ஊடுருவ, உப்பு பின்தங்குகின்றது. எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பையும் எடுக்கின்றனர். அந்நீரும் அவ்வுப்பும் மீண்டும் சாயத்தொட்டிக்கே செல்கின்றன! மின்செலவு மிகுதிதான், இறுதியில் மிஞ்சும் கலப்பு உப்புக் குவியலுக்கும் நல்வழி தேட வேண்டியுள்ளது.

நம் பக்கம் வருவோம். கோரமங்கலப் பள்ளத்தாக்கின் கழிவுநீர் சேரும் பெல்லந்தூர் ஏரி நுரைத்ததையும், 2015லும் 2017லும் தீப்பற்றியதையும் நாம் அறிவோம். பழியை ஆலைகள்மேல் மட்டும் சுமத்த இயலாது. அங்குச் சேர்ந்ததிற் பெரும்பங்கு வீட்டுச் சாக்கடையே. அதே பள்ளத்தாக்கிற் சுத்திகரிக்கப்பட்ட நீர் 2018 முதல் கோலார் ஏரிகளுக்குச் செல்கின்றது. 2024 கோடையில், குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் தண்டம் என்று அறிவித்தபோது, கட்டடப் பணிகளுக்குச் சுத்திகரித்த நீரே லாரிகளில் சென்றது. நம் குடியிருப்பின் தோட்டத்துக்கும் அந்நீரைப் பெறுவது குறித்து அடுத்த கூட்டத்திற் பேச உள்ளோம். தாய்மார்களும் வந்து கருத்துரைக்குமாறு வேண்டுகின்றோம்.